கிழக்கு வாயில் சங்கிலியும் இரண்டு பூட்டுகளும்

பெயர், வயது, முகவரி என்று எழுத்தர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி கேட்டேன். காவல் ஆய்வாளர் சம்மதித்தார். பள்ளி மைதானத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிடும்படி நான் கேட்டுக்கொண்டதாக எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். மைதானத்தின் வாயிலில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையிலும் "மறைந்தவரின் குடும்பத்தார் வேண்டுகோளின்படி" என்றுதான் எழுதியிருக்கிறது. நான் அப்படிக் கேட்கவில்லை. வாயாலும் கேட்கவில்லை, எழுத்தாலும் கேட்கவில்லை. மற்ற எதைச் சொல்வதற்கு முன்னாலும் இது பதிவாக வேண்டும் என்று சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

என் பெயரும் வீட்டு எண்ணும் தாளின் மேற்பகுதியில் உள்ளன. வயது எழுபத்தொன்று. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் பெயர் என்ற இடம் வந்ததும் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெயரை எழுதி அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

என் கணவர் கட்டட வரைபடம் வரைபவராக வேலை பார்த்தவர். இதய சிகிச்சைக்குப் பிறகு தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் நாங்கள் இருவரும் விடிந்ததும் அந்த மைதானத்துக்குப் போவோம். அவர் ஓடுபாதையில் நடப்பார். நான் ஒரு சுற்று மட்டும் நடந்துவிட்டுப் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். அவர் ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது, "கலெக்டரம்மா, உலகம் நல்லா இருக்கா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. அவரும் பதிலுக்கு நிற்பதில்லை.

மைதானம் யாருடையது என்று ஆய்வாளர் கேட்டார். நிலம் பள்ளியுடையது. ஓடுபாதை, விளக்குக் கம்பங்கள், பூப்பந்து அரங்கின் கூரை ஆகியவற்றை நகராட்சி போட்டது. எங்கள் பகுதியில் நகராட்சிக்கு விளையாட்டுத் திடல் இல்லை, பள்ளிக்கு இருந்த இடத்தைப் பராமரிக்க ஆளில்லை. அதனால் இரண்டு அலுவலகங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, பள்ளி நேரத்தில் பள்ளிக்கும், விடியற்காலையிலும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் பொதுமக்களுக்கும் என்று பிரித்துக்கொண்டன. பள்ளிக்கு ஒரு காவலர் இருக்கிறார். அவரை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். மீசையை எடுத்துப் பல வருடங்கள் ஆகியும் பெயர் போகவில்லை. நகராட்சிக்கு ஒரு பெண் பராமரிப்பாளர். ஒருவர் போன பிறகுதான் மற்றவர் வருவார். இருவரையும் ஒரே நேரத்தில் அங்கே நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

மைதானத்துக்கு இரண்டு வழிகள். நடப்பவர்களுக்கு ஒரு சிறுவழி. இருசக்கர வண்டி நுழையாதபடி வளைத்து வளைத்துக் கம்பி வைத்தது, ஓர் ஆள் திரும்பித் திரும்பித்தான் உள்ளே வர முடியும். மற்றது கிழக்கு வாயில். வாகனம் வருவதற்கான பெரிய இரும்புக் கதவு. அதைச் சங்கிலியால் பிணைத்திருப்பார்கள். சங்கிலியின் ஒரு முனையில் நகராட்சியின் பூட்டு, மறு முனையில் பள்ளியின் பூட்டு, இரண்டு பூட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். அதனால் யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும். ஒருவர் சாவி மற்றவருக்குத் தேவையில்லை. இந்த ஏற்பாட்டை முதலில் கவனித்தவர் என் கணவர்தான். "பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திங்க ஒரே வீட்டுல குடியிருக்க நல்ல வழி இது" என்று சொன்னார்.

அவர் மைதானத்தில் விழுந்ததற்கு முந்தைய வாரத்தில் நகராட்சி ஆட்கள் வந்து, துருப்பிடித்திருந்த தங்கள் பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதிய பூட்டு ஒன்றை மாட்டினார்கள். அது மிகப் பெரியது. அதன் கம்பி கட்டைவிரல் தடிமன். பள்ளியின் பூட்டு சிறியது, அந்தக் கம்பி அதற்குள் நுழையவில்லை. அவர்கள் புதிய பூட்டைச் சங்கிலியின் தங்கள் முனையில் மாட்டி, சங்கிலியைக் கதவில் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று நாங்கள் வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டதால் மீசை பணிக்கு வந்தபோது நாங்கள் கிழக்கு வாயில் அருகே நின்றிருந்தோம். அப்போது நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த வழக்குக்கு அது முக்கியம் என்று நினைப்பதால் பேசியபடியே சொல்கிறேன்.

மீசை புதிய பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இத பாருங்க. யானையக் கட்டுற பூட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க. என் பூட்டு இது கழுத்துல ஏற மாட்டேங்குது" என்றார்.

என் கணவர், "அப்ப கதவு திறந்துதான் கிடக்குமா?" என்று கேட்டார்.

"திறந்து போட்டா உள்ள இருக்கிற சாமான் போயிடும் சார். அப்புறம் என் தலையத்தான் உருட்டுவாங்க. நான் சங்கிலி ரெண்டு முனையையும் சேர்த்து என் பூட்டப் போட்டுடுறேன். அவங்க பூட்டு அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

"அது தொங்கி என்னய்யா பிரயோஜனம்? அவங்க சாவி போட்டாலும் கதவு திறக்காதே?"

"திறக்காதுதான் சார். மேடம்கிட்ட சொல்லிட்டுத்தான் போடுவேன்."

மறுநாள் நாங்கள் போகும் வழியில் பள்ளியின் முன்வாசலில் அவரைப் பார்த்தோம். என் கணவர் விசாரித்தார். "சொல்லிட்டேன் சார். நகராட்சிக்கு எழுதுறோம், அதுவரைக்கும் உன் பூட்டே இருக்கட்டும்னாங்க" என்று மீசை சொன்னார். மேடம் என்று அவர் சொன்னது பள்ளியின் தலைமையாசிரியையை. நகராட்சிக்கு எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது. மீசை தலைமையாசிரியையிடம் சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை. சொல்லிவிட்டதாக அவர் எங்களிடம் சொன்னதை நேரில் கேட்டேன். இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னேன்.

அதே வாரத்தில் என் கணவர் நகராட்சிப் பராமரிப்பாளரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவர், "ஏம்மா, உங்க பூட்டு சும்மா நகை மாதிரி தொங்குது. ஒரு அவசரம்னா திறக்காது" என்றார். அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சார், நான் பூட்டுற ஆளு. பூட்டு வாங்குற ஆளு வேற. நான் போய்ச் சொன்னா, உன் வேலையப் பாருன்னுவாங்க. நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க" என்றார். இரண்டு அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன். "ஒரு பூட்டுக்கு மனுவா? உனக்கு அலுவலகம் போகாம கை துறுதுறுங்குது" என்று அவர் சிரித்தார். மனு எழுதப்படவில்லை.

தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக ஆய்வாளர் தெரிவித்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொன்னதாக எழுத வேண்டாம். அவரிடம் சொல்லப்பட்டது, நான் கேட்டேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

சம்பவ நாளன்று நாங்கள் வழக்கம்போல் சென்றோம். வானம் மூட்டமாக இருந்தது. நான் என் சுற்றை முடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவர் என்னைக் கடந்து போனார், கேள்வி கேட்டார், போய்விட்டார். அதன் பிறகு நான் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நீளம் தாண்டும் மணல் குழியின் பக்கம் சிலர் ஓடுவதைப் பார்த்தேன். யாரோ பந்து பட்டு விழுந்திருப்பார்கள் என்று நினைத்து மறுபடியும் தாளைப் பார்த்தேன். அதன் பிறகு ஒருவர், "அம்மா, சார்" என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து போனேன். ஓடினேனா நடந்தேனா என்று ஆய்வாளர் கேட்டார். நடந்தேன். எனக்கு முழங்கால் சரியில்லை.

அவர் பக்கவாட்டில் விழுந்திருந்தார். கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தேன். காலையில் நடக்க வரும் ஒரு செவிலியர் அவரைப் புரட்டி, சட்டைப் பொத்தான்களைத் திறந்து, நெஞ்சில் அழுத்தத் தொடங்கினார். இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. அது வர எவ்வளவு நேரமானது என்று கேட்டார்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை, ஆகவே சொல்ல மாட்டேன். சீக்கிரமாக வந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

வண்டி கிழக்கு வாயிலுக்கு வெளியே நின்றது. பராமரிப்பாளர் சாவியுடன் ஓடிப்போய் நகராட்சிப் பூட்டைத் திறந்தார். பூட்டு திறந்தது. சங்கிலி விழவில்லை. அவர் பூட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுச் சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்தார். "திறந்துட்டேனே, திறந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி ஓட்டுநர் வெளியிலிருந்து, "இன்னொரு சாவி யாருகிட்ட?" என்று கேட்டார். பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார்கள், அந்த நேரத்தில் அங்கே எடுக்க ஆளில்லை. மீசையின் எண் நகராட்சிப் பெண்ணிடம் இல்லை. நகராட்சிப் பெண்ணின் எண் மீசையிடமும் இருந்திருக்காது. அலுவலகம் அலுவலகத்தோடுதான் பேச வேண்டும் என்பது அவர்களுக்கு இட்டிருந்த உத்தரவு என்று பிறகு அறிந்தேன்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் பணியாளர்கள் இருவர் பையுடன் சிறுவழியாக உள்ளே வந்து, செவிலியரை விலக்கிவிட்டுத் தாங்கள் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு தூக்குப்படுக்கையைக் கொண்டுவர முயன்றபோது அது கம்பி வளைவில் திரும்பவில்லை. அதைக் கதவுக்கு மேலாகக் கொடுக்க முயன்றார்கள், கதவு உயரம். ஓட்டுநர் ஓர் இரும்புத் தடியால் சங்கிலியை நெம்பிப் பார்த்தார்; அது நல்ல சங்கிலி. அதன் பிறகு மணல் குழியை மூடிவைக்கும் தார்ப்பாயை எடுத்துவந்து, அதில் அவரைக் கிடத்தி, நடக்க வந்தவர்களும் பணியாளர்களும் சேர்ந்து சிறுவழிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே படுத்த நிலையில் அவரைக் கொண்டுபோக முடியவில்லை. நிற்க வைத்தபடிதான் திருப்ப முடிந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் அவர். தலை முன்னால் இருந்தவரின் தோளில் இருந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் நின்று நின்று திருப்பினார்கள். இரண்டாவது கம்பியில் அவருடைய ஒரு காலணி கழன்று விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன். நான் வெளியே வந்து சேர்வதற்குள் வண்டியின் கதவைச் சாத்திவிட்டார்கள், வண்டி போய்விட்டது. என்னை விட்டுவிட்டுப் போனதாக நான் புகார் சொல்லவில்லை. அது சரிதான்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது மீசை சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த பெரிய பூட்டைப் பார்த்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தார். சங்கிலி உடனே விழுந்தது. கதவை முழுவதுமாகத் தள்ளித் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முதுகால் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வருவதற்கு வண்டி எதுவும் இல்லை. நான் அவரைக் கடந்து போனேன். அவர், "அம்மா, நான் சொன்னேன்ல" என்றார். "சொன்னீங்க" என்றேன். அதன் பிறகு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

மருத்துவமனையில் மருத்துவர் என்னை உட்காரச் சொன்னபோதே விஷயம் தெரிந்துவிட்டது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அதை என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். அதனால் நானும் சொல்லவில்லை. மற்றொரு காலணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் இப்போது வீட்டில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். அப்போது நான் மேசையில் என் கணவருடைய மாத்திரைகளையும் என்னுடையவற்றையும் பிரித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றேதான், பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. தலைமையாசிரியை மரியாதையாகப் பேசினார். பல வருடங்களாகக் காலையில் வகுப்பு தொடங்கும்போது மைதானத்தில் உடைந்த பாட்டிலும் எச்சில் பொட்டலமும் கிடப்பதாகவும், அவற்றைப் பொறுக்கிய பிறகுதான் பிள்ளைகளை விளையாட விட முடிவதாகவும் சொன்னார். அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, "இனிமே இந்த மாதிரி யாருக்கும் நடக்கக் கூடாது, இல்லையாம்மா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். யாராக இருந்தாலும் தலையசைத்திருப்பார்கள். "உங்க சார்பா நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். மூடுவது என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகை வந்தது. அதை எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. மருந்துக் கடையில் நின்றிருந்தபோது, பூப்பந்து விளையாடும் இரண்டு பெண்கள் எனக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். ஒருவர், "அவங்களுக்கு வந்தது பெரிய துக்கம்தான், இல்லங்கல. அதுக்காக ஊரையே வீட்டுக்குள்ள உக்கார வெக்கணுமா?" என்றார். மற்றவர், "மெதுவாப் பேசுடி, முன்னாடியே நிக்கிறாங்க" என்றார். முதலாமவர், "நிக்கட்டும். கேட்டா என்ன? அவங்க வீட்டு முற்றத்துலயா வலையக் கட்டி விளையாடறோம்?" என்றார். நான் திரும்பவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் கிழக்கு வாயிலுக்கு நடந்து போய்ப் பலகையைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். சங்கிலியில் இப்போது ஒரு பூட்டுதான் இருக்கிறது. சிறுவழியையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

அதன் பிறகு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மூடியது பள்ளி, பள்ளியைக் கேளுங்கள் என்றார்கள். பள்ளிக்குப் போனேன். வரவேற்பறையில் இருந்த பெண், "உங்க வேண்டுகோள்தானே மேடம்?" என்று ஆச்சரியப்பட்டார். தலைமையாசிரியை கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடியவில்லை.

இனி என் மகன் கொடுத்த புகார் பற்றி. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். மீசையின் கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டதாக அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் புகாரில் நான் கையெழுத்திடவில்லை. பள்ளியிலிருந்து தொலைபேசியில் சொன்னதை வைத்து எழுதினான். பூட்டைப் பற்றிய பேச்சை அவனிடம் சொன்னபோது, "அம்மா, யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும் இல்ல?" என்றான். "சொல்லணும்டா. அதுக்காக, கையில அகப்பட்டவர் சொல்லணும்னு இல்ல" என்றேன். அவன், "அப்பாவுக்கே தெரியும்னு நீங்களே போய்ச் சொன்னா, வழக்கு நிக்காதும்மா" என்றான். அவன் சொல்வது சரியாக இருக்கலாம். என் கணவருக்குத் தெரியும். தலைமையாசிரியையிடம் சொன்னதாக மீசை சொல்கிறார். பராமரிப்பாளரிடம் என் முன்னால் சொல்லப்பட்டது. தெரியாமல் நடந்த ஒன்றாக இதை எழுத என்னால் முடியாது. தன் வேலைக்கு வேண்டியதைச் செய்து, செய்ததைச் சொன்ன ஒரே ஆள் மீசை. இப்போது பணியிலிருந்து நிறுத்தப்பட்டு, தினமும் இந்த நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். இன்று நான் வந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இந்த வாக்குமூலத்தால் எனக்கு இழப்பு வரக்கூடும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். மகனிடமும் இன்று மாலை நானே சொல்லிவிடுவேன்.

எழுதப்பட்டதை எழுத்தர் உரக்கப் படித்தார். அதன் பிறகு நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஓர் இடத்தில் "அழுதபடி கூறினார்" என்று இருந்தது. அழவில்லை என்பதால் அதை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மற்றவை நான் பார்த்ததும் கேட்டதும்தான். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. இதை இப்படிச் சொல் என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடைசியாக ஒன்று. என் வேண்டுகோள் என்று சொல்லி ஒரு மைதானத்தை மூட முடியும் என்றால், என் வேண்டுகோள் என்று சொல்லி அதைத் திறக்கவும் முடிய வேண்டும். நான் இதுவரை எந்த வேண்டுகோளும் வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன். பலகையை எடுத்துவிட்டு, பள்ளி நேரம் தவிர்த்த நேரங்களில் முன்போலவே மக்களை உள்ளே விட வேண்டும். கிழக்கு வாயிலை நகராட்சியும் பள்ளியும் தத்தம் சாவியால் திறந்து காட்ட வேண்டும், நான் நேரில் நின்று பார்க்க வேண்டும். இந்த வாக்குமூலத்தின் நகலை இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளில் திறப்பார்கள் என்பதை மேலே உள்ள முகவரிக்கு எழுத்தில் தெரிவிக்கவும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம்.

(கையொப்பம்)